தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள்

கேள்வி இது: "எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். அவருடைய ஏழு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். நடக்க வராது, பேச்சும் தெளிவில்லை. உதவித்தொகை, இலவசப் பஸ், வீல்சேர் என்று அரசு இவ்வளவு தருகிறதே, பையனை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை, தெரபிக்கு ஏன் ஒழுங்காகக் கூட்டிப்போவதில்லை என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். இப்படிப்பட்ட குழந்தைகளின் ஒரு நாள் உண்மையில் எப்படி இருக்கும்? நான் என்ன செய்ய முடியும்?"

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. பதினான்கு வருடங்களாகத் தென்சென்னையில் குடிசைப்பகுதி மக்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த வாரியக் குடியிருப்புகளில் பிசியோதெரபிஸ்டாக வீடு வீடாகப் போய்வருகிறேன். முதல் வருடம் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லா அம்மாக்களும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் பதில் சொன்னார்: "எல்லாம் குடுக்குறாங்க மேடம். தூக்கினு போவத்தான் ஆளு இல்ல." நான் கீழே எழுதப்போவது முழுக்க அந்த ஒரு வரியின் விரிவுதான்.

விடியற்காலையிலிருந்து தொடங்குகிறேன். தண்ணீர் வரும் நேரத்துக்கு அம்மா எழுந்தாக வேண்டும். நாலரை, ஐந்து மணி. குடங்களை நிரப்பிவிட்டு உலை வைப்பார். அதற்குள் பையன் விழித்துவிடுவான். மூளை முடக்குவாதத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தசை இறுக்கம் இருக்கும். இரவெல்லாம் ஒரே வாக்கில் படுத்திருந்த உடம்பு காலையில் கட்டைபோல விறைத்திருக்கும். தொடைகள் இரண்டும் கத்தரிக்கோல்போல ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். அவற்றைப் பிரித்துத்தான் துணி மாற்ற வேண்டும், கழுவ வேண்டும். அவசரமாக இழுத்தால் இறுக்கம் இன்னும் கூடும். முட்டியை மெல்ல மடக்கி, இடுப்பை ஆட்டி ஆட்டி, தளர்ந்தபின் பிரிக்க வேண்டும். எட்டு மணிக்கு இன்னொரு வீட்டில் பாத்திரம் துலக்கப் போக வேண்டியவருக்கு அந்த மெதுவுக்கு நேரம் ஏது?

அடுத்தது சாப்பாடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளியிலிருப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. வாய்த் தசையும் நாக்கும் சொன்னபடி கேட்காத பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சாதம் ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். பாதி வெளியே வழியும். நேரமில்லாத அம்மா பையனை மடியில் மல்லாத்திப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கரைத்த சாதத்தை ஊற்றிவிடுவார். கைக்குழந்தையாக இருந்தபோது அப்படித்தானே ஊட்டினார்! ஆனால் தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது சாதம் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. திரும்பத் திரும்ப வரும் சளி, நெஞ்சில் கர்கர் சத்தம், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நிமோனியா என்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் படுத்துக்கிடக்கும் பிள்ளைகளில் பலருக்கு நோய் தொடங்கிய இடம் இந்த மடிதான். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தி, சிறு கரண்டியில் கெட்டியாகப் பிசைந்து கொடுத்தால் இதில் பாதியைத் தவிர்க்கலாம். நிமிர்த்தி உட்காரவைக்க நாற்காலி இல்லாத வீட்டில், இரண்டு சுவர் சேரும் மூலையே நல்ல நாற்காலி. இருபக்கமும் தலையணை, தொடைகளுக்கு நடுவே சுருட்டிய போர்வை. நான் வீடுகளுக்குப் போனால் முதலில் தேடுவது அந்த மூலையைத்தான். அங்கே இருக்கும் அரிசி டிரம்மை நகர்த்துவதுதான் பல வீடுகளில் என் முதல் சிகிச்சை.

ஆறரைக்கு அம்மா கிளம்பிவிடுவார். உங்கள் வீட்டு அக்கா அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் வேலைக்கு வருகிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? இதேபோன்ற வாரியக் குடியிருப்பான கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் உருவாகத் தொடங்கியது. பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்கள் பிறகு வந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல அங்கேதான் போய்ச் சேர்ந்தன. வீடு மட்டும்தான் மாறியது. வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பழகிய வீடுகள், நம்பி முன்பணம் தருகிற வீடுகள் எல்லாம் அடையாறிலும் மயிலாப்பூரிலும்தான். 2021 முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பது இவர்களுக்குப் பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் காசுதான் மிச்சமானது. போகவர ஆகும் மூன்று மணி நேரம் அப்படியேதான் இருக்கிறது.

அந்த நேரத்தில் பையன் யாரிடம் இருக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் அவனுடைய பகல் பொழுது அமைகிறது. பாட்டி இருந்தால் அதிர்ஷ்டம். பாட்டிக்குத் தூக்க முடியாது, ஆனால் பேசுவார், ஈ விரட்டுவார், தண்ணீர் கொடுப்பார். பாட்டி இல்லாத வீட்டில் பையனின் அக்கா. பதின்மூன்று வயது, பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயருக்கு நேரே "அடிக்கடி விடுப்பு" என்று எழுதியிருக்கும். தம்பிக்கு டயபர் மாற்றத் தெரிந்த, ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தெரிந்த அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுவாள். ஒரு குழந்தையின் குறைபாட்டால் இரண்டு குழந்தைகளின் படிப்பு நிற்கிறது. ஆனால் ஒருவனைத்தான் கணக்கில் எழுதுகிறார்கள். இவளைப் பற்றி எழுத எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

பாட்டியும் அக்காவும் இல்லாவிட்டால் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஆம், பூட்டிவிட்டுத்தான். நடக்க முடியாத பிள்ளையைப் பாயில் கிடத்தி, எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் ஒதுக்கி, ஃபேனைப் போட்டு, டிவியை ஓடவிட்டு. ஆட்டிசம் உள்ள, நிற்காமல் ஓடுகிற பிள்ளையாக இருந்தால் காலில் பழைய புடவைத் துணியைக் கட்டி கட்டில் காலோடு முடிபோட்டு. முதன்முதலில் இதைப் பார்த்த அன்று நான் அந்த அம்மாவைத் திட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை வெளி வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கைப்பிடிச் சுவரைக் காட்டினார். ஆறாவது மாடி. சுவர் என் இடுப்புக்கும் கீழே. "இத ஏறித் தாண்டுவான் மேடம், ரெண்டு தபா புடிச்சுட்டேன்." அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. கட்டுவது சரியென்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். தோல் உரிந்து புண்ணாகும், பிள்ளையின் மனம் அதைவிட அதிகமாகப் புண்படும். ஆனால் கட்டாமல் இருக்க அந்த அம்மாவுக்கு என்ன வழி வைத்திருக்கிறோம் என்று சொல்லாமல் திட்ட எனக்கு உரிமையில்லை என்று அன்று புரிந்தது.

இடமாற்றம் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்றோரக் குடிசையைப் பெருமையாகப் பேச எனக்கு மனமில்லை. மழைக்கு மழை தண்ணீர் புகும், எலி கடிக்கும். ஆனால் அங்கே வாசல் தரையில் இருந்தது, கதவு திறந்திருந்தது. பையனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுப் போனால் எதிர்வீட்டு ஆயா ஒரு கண் வைத்திருப்பார், இட்லிக் கடைக்காரம்மா ஒரு இட்லி ஊட்டுவார், மாலையில் யாரோ ஒரு பையன் தூக்கிக்கொண்டு போய்த் தேர் காட்டுவான். இருபது, முப்பது வருடம் ஒரே சந்தில் இருந்து சேர்ந்த கைகள் அவை. குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கியதும் அந்தச் சந்து பத்து பிளாக்குகளில் சிதறிப்போனது. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது, தெரிந்தாலும் நம்ப முடியாது. கதவு மூடிக்கொண்டது. அடித்தளம் கான்கிரீட் ஆனது, கழிப்பறை வீட்டுக்குள் வந்தது, மின்சாரம் வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பிள்ளையைத் தூக்கிய ஏழெட்டுக் கைகள் குறைந்து இரண்டே கைகள் ஆயின.

லிஃப்ட் இருக்கிறதே என்பீர்கள். நான் போய்வரும் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் ஓடும் நாளை முதல்நாள் போனில் கேட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். தசைச்சிதைவு நோயுள்ள ஒரு பையன் அங்கே ஐந்தாவது மாடியில் இருந்தான். டுஷென் வகை, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது, பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் நடை நின்றுவிடும். பேட்டரி வீல்சேர் கிடைத்தது. கிடைத்த அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வண்டியின் எடை அவனைவிட அதிகம். லிஃப்ட் நின்ற நாட்களில் அவனையாவது அப்பா முதுகில் சுமந்து இறக்கலாம், வண்டியை யார் இறக்குவது? வண்டி கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் சங்கிலி போட்டுக் கிடந்தது, அவன் மேலே ஜன்னலோரம் இருந்தான். தரைத்தள வீடு கேட்டு மனு போட்டார்கள். கிடைத்தது, ஆனால் இரண்டரை வருடம் கழித்து. அந்த நோயில் இரண்டரை வருடம் என்பது கையைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோக முடிகிற காலத்துக்கும் முடியாமல் போகிற காலத்துக்கும் இடையிலுள்ள தூரம்.

இப்போது உங்கள் கேள்விக்குள் இருக்கும் "அரசு இவ்வளவு தருகிறதே" என்பதற்கு வருகிறேன். தருகிறது. மற்ற பல மாநிலங்களோடு பார்த்தால் தமிழ்நாடு கூடுதலாகவே தருகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசப் பயணம். காலைத் தாங்கும் காலிபர், வீல்சேர், மூளை முடக்குவாதப் பிள்ளைகளை நிமிர்த்தி உட்காரவைக்கும் சி.பி. சேர். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்று 31-ஆவது பிரிவில் சொல்கிறது. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் 1985 முதல் இந்தப் பிள்ளைகளுக்காகவே இயங்குகிறது. இவற்றில் எதையும் நான் சிறிதாக எண்ணவில்லை. இவை இல்லாவிட்டால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் இன்று இல்லை.

ஆனால் இந்த ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு ஆள் தேவைப்படுகிறார். அந்த ஆள் சும்மா இருக்கிறார், அவருக்கு வேறு பிழைப்பு இல்லை, அவர் இடுப்பு நோகாது என்று வைத்துக்கொண்டுதான் எல்லாம் போடப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டு அக்கா பையனை ஒரு தெரபிக்குக் கூட்டிப்போகும் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு வயதில் பதினெட்டு, இருபது கிலோ. கழுத்து நிற்காவிட்டால் அந்த இருபது கிலோ முப்பதாகக் கனக்கும். வீட்டிலிருந்து கீழே, கீழேயிருந்து பஸ் ஸ்டாப், படி உயர்ந்த பஸ்ஸில் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கம்பி. தாழ்தளப் பேருந்துகள் 2024 முதல் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கின்றன, நல்லதுதான். ஆனால் அவர் நிற்கும் ஸ்டாப்பில் அவர் நிற்கும் நேரத்துக்கு அது வர வேண்டுமே. ஒரு பஸ் மாற்றம். ஓ.பி. சீட்டு வரிசை. நாற்பது நிமிடம் தெரபி. திரும்பி வர மூன்று மணி. அன்று அவர் வேலை செய்யும் வீடுகளில் விடுப்பு. வாரம் ஒரு தெரபி என்றால் மாதம் நான்கு நாள் விடுப்பு. நான்கு நாள் விடுப்பு எடுக்கும் வேலைக்காரம்மாவை எத்தனை வீட்டில் வைத்துக்கொள்வார்கள்?

2,000 ரூபாயையும் அப்படியே பாருங்கள். வளர்ந்த பிள்ளைக்கான டயபர் ஒன்று முப்பது ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு இரண்டு போட்டால் மாதம் 1,800. மிச்சம் 200 ரூபாயில்தான் சத்துமாவு, ஆட்டோ. அதனால் யாரும் இரண்டு போடுவதில்லை. ஒன்றையே காலை முதல் மாலை வரை விட்டுவைப்பார்கள், அல்லது துணிதான். துணி என்றால் தோய்க்கத் தண்ணீர், காயப்போட இடம், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. ஃபிட்ஸ் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் வாங்கிவர ஒரு அரை நாள் வேண்டும். அந்த அரை நாள் கிடைக்காத வாரத்தில் மாத்திரை நாலு நாள் தவறும், ஐந்தாவது நாள் ஃபிட்ஸ் வரும், அத்தனை மாதம் பழக்கிய கழுத்துப் பிடிமானம் பின்னோக்கிப் போகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று அந்த அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவர் பார்த்திருக்கிறார்.

பணத்தின் இன்னொரு ஓட்டை பற்றியும் கோபத்தோடே சொல்கிறேன். "ஊசி போட்டால் நடந்துவிடுவான்" என்று சொல்லி ஸ்டெம் செல் சிகிச்சை என்ற பெயரில் லட்சக்கணக்கில் வாங்குகிற இடங்கள் உண்டு. மூளை முடக்குவாதத்துக்கு அது பலன் தரும் என்று நிறுவப்படவில்லை. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது. இருந்தும் தாலிச் சங்கிலியை அடகு வைத்துவிட்டுப் போய்வந்த அம்மாக்களைச் சந்தித்திருக்கிறேன். பிறந்ததும் அழாத பிள்ளை, நீலம் பாரித்த பிள்ளை, குறைமாதப் பிள்ளை, மஞ்சள் காமாலை ஏறிய பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பிரசவக் கதை இருக்கிறது. அந்த முதல் நாளை எப்படியாவது திருத்திவிட முடியாதா என்ற ஏக்கம் இருக்கிறது. அந்த ஏக்கத்தின்மேல்தான் அவர்கள் கடை விரிக்கிறார்கள்.

பள்ளிக்கு வருகிறேன். நீங்கள் நினைப்பதுபோல யாரும் "சேர்க்க மாட்டோம்" என்று சொல்வது இப்போது குறைவு. பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு மெதுவாக ஒரு கேள்வி வரும்: "அம்மா, நீங்க கூடவே உக்கார முடியுமா? பாத்ரூம் கூட்டிப்போக ஆள் இல்ல பாருங்க." டீச்சரைக் குறை சொல்ல முடியாது, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? சாய்தளம் இருக்கிறது, கழிப்பறைக் கதவு வீல்சேர் நுழையும் அகலம் இல்லை. அம்மா நான்கு நாள் கூட உட்கார்வார். ஐந்தாம் நாள் வேலை போய்விடும் என்று நின்றுவிடுவார். பெயர் வீட்டுவழிக் கல்விப் பட்டியலுக்கு மாறும். சிறப்பாசிரியர் அவ்வப்போது வீட்டுக்கு வருவார், கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள் தெரபி இருக்கும். அந்தச் சிறப்பாசிரியர்கள் வெயிலில் மாடி ஏறி இறங்கி வேலை பார்ப்பதை நான் அறிவேன். ஆனால் வீட்டுவழிக் கல்வியில் இருக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தின் பாதி கிடைப்பதில்லை. காலை உணவும் சத்துணவு முட்டையும் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளிவிட ஒரு சிநேகிதனும் அங்கேதான் கிடைப்பான்.

எல்லாக் குறைபாட்டுக்கும் இதே கதை இல்லை. காது கேளாத பிள்ளையை யாரும் தூக்க வேண்டியதில்லை. ஆறு வயதுக்குள் கண்டுபிடித்துவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையே இலவசமாகச் செய்கிறார்கள். தெளிவாகப் பேசிப் படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் நிறையும். அங்கே சிக்கல் பிறகு வருகிறது. வெளியே மாட்டும் கருவி விழுந்து உடைந்தால், வயர் அறுந்தால், பழுதுபார்க்க ஆயிரக்கணக்கில் ஆகும், முழுக் கருவி என்றால் லட்சம். கருவி அலமாரிக்குள் போய்விடும், பிள்ளை மறுபடி மௌனத்துக்குள் போய்விடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. பத்து, பதினோரு வயது வரை வாசலில் உட்காரவைத்த பெண்ணை வயதுக்கு வந்த அன்றிலிருந்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். பேச வராத, நடந்ததைச் சொல்லத் தெரியாத பெண்ணை யாரை நம்பி விட்டுப்போவது என்ற அம்மாவின் பயத்துக்குக் காரணமில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "கர்ப்பப்பையை எடுத்துடலாமா மேடம்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், ஆபத்து நிற்காது. அந்தப் பெண்ணின் உடம்பு அவளுடையது என்று உட்கார்ந்து பேசுவேன். கூடவே, பேட் மாற்றப் பழக்குவேன், தொடக் கூடாத இடத்தைப் பொம்மையில் காட்டிப் பழக்குவேன், வேண்டாம் என்று தலையாட்டப் பழக்குவேன். பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு மையம் பிளாக்குக்கு ஒன்று இருந்தால் இந்தப் பேச்சில் பாதி தேவைப்படாது.

இவ்வளவும் படித்துவிட்டு அந்தப் பையன் நாள் முழுக்க அழுதுகொண்டு கிடப்பான் என்று எண்ணிவிடாதீர்கள். படுத்துக் கிடக்கிற பிள்ளைகளின் காது கூர்மையானது. படியேறி வருகிற செருப்புச் சத்தத்தை வைத்து யார் என்று சொல்லிவிடுவார்கள். பேச்சு வராத ஒரு பெண் நான் மூன்றாவது மாடி திரும்பும்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள் என்று அவள் பாட்டி சொல்வார். மாலை நாலரைக்குப் பள்ளி விட்டதும் வராந்தா கிரிக்கெட் மைதானமாகிவிடும். கடும் இறுக்கமுள்ள ஒரு பையன்தான் அங்கே அம்பயர். கண்ணை மேலே உயர்த்தினால் அவுட், மூடினால் நாட் அவுட். இந்த மொழியை எந்தப் பேச்சுப் பயிற்சியாளரும் சொல்லித்தரவில்லை, அந்தப் பொடியன்களே உண்டாக்கினார்கள். அவன் தீர்ப்பை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் தெரபிக்குப் போனால் "ஓவர் முடியட்டும் மேடம்" என்பார்கள், காத்திருப்பேன். அந்த வீல்சேரில் அவன் நேராக உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் என் தெரபியைவிடக் குறைந்ததல்ல.

இனி, நீங்கள் என்ன செய்யலாம் என்பது. பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாளைக் கொடுங்கள். தெரபி எந்தக் கிழமை என்று கேட்டு, அந்தக் கிழமையில் சம்பளம் பிடிக்காமல் விடுப்பு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார். அவர் வேலை செய்யும் மற்ற வீடுகளிலும் பேசுங்கள். ஒரு வீடு மட்டும் விட்டுக்கொடுத்தால் அந்த நாள் உருவாகாது, மூன்று வீடும் சேர்ந்தால்தான் உருவாகும்.

இரண்டாவது, காகிதங்கள். பிரசவச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஸ்கேன் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் மடங்கிக் கிழிந்து கிடக்கும். ஒரு ஃபைல் வாங்கி அடுக்கி, எல்லாவற்றையும் அவர் போனிலும் உங்கள் போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி தேசிய அடையாள அட்டை இருக்கிறதா, அதில் விழுக்காடு எவ்வளவு போட்டிருக்கிறது, உதவித்தொகை உண்மையில் கணக்கில் ஏறுகிறதா, நிராமயா பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தரைத்தள வீடு இல்லாவிட்டால் மருத்துவச் சான்றோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க உதவுங்கள், மனு எண்ணைக் குறித்துவைத்து மாதம் ஒருமுறை நீங்களே விசாரியுங்கள். விசாரிக்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் மனு நகரும். அதிக உதவி தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்று 2016 சட்டத்தின் 24-ஆவது பிரிவு பேசுகிறது, அதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள். உலக வங்கி உதவியோடு மாநில அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் சோழிங்கநல்லூரில் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. பெரும்பாக்கத்துக்கு அது எழும்பூரைவிட எவ்வளவோ பக்கம். அவருக்கு அது தெரியுமா என்று கேளுங்கள்.

மூன்றாவதாகச் சொல்வது, என் தொழில் என்பதால் அழுத்திச் சொல்வது. அந்தப் பையனுக்கு இடுப்பு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல மெல்ல நழுவும். நடக்காத பிள்ளைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். தொடக்கத்தில் வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. தெரியும்போது துணி மாற்றவே விடாமல் பிள்ளை அலறும். முன்கூட்டியே பார்த்துவிட்டால் செய்வதற்கு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டினால் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாள் நீங்களும் கூடப் போங்கள். ஓ.பி. வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவர் பையனோடு பெஞ்சில் உட்காரட்டும். போகும்போது காரில் கூட்டிப்போனால் பையனை மடியில் படுக்கவைக்காமல், முட்டிகளுக்கு நடுவே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள்.